தீ மணியும் ஊர்ச் செவியும்

ஓர் ஊரில் தீப்பற்றிக்கொண்டால் அச்செய்தி யார் செவிக்கு உரியது? அணைக்கச் செல்லும் படையினர் செவிக்கு மட்டுமா, ஊரார் அனைவர் செவிக்குமா? சிறுவர் கேட்கும் கேள்விபோல் இது தோன்றலாம். ஆயினும் அமெரிக்க நாட்டில் 170 ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்விக்கு விடைகள் மாறி மாறி வந்துள்ளன. ஒவ்வொரு விடையையும் எழுதியவை சட்டமன்றங்கள் மட்டுமல்ல. மணியும் கம்பியும் வானொலிக் கருவியும் அவ்விடைகளை எழுதின.

இன்று அந்நாட்டின் ஊர்கள் பலவற்றில் தனிமனிதர் சிலர் ஒரு தொண்டு செய்து வருகின்றனர். வீட்டு மாடியில் ஓர் ஏரியல் கம்பியை நிறுத்துகின்றனர். ஸ்கேனர் எனப்படும், அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துழாவிக் கேட்கும் வானொலிப் பெட்டியை அதனோடு இணைக்கின்றனர். தம் ஊர்த் தீயணைப்புத் தலைமை நிலையம் வண்டிகளுக்கு இடும் கட்டளைகளை அதில் வாங்கி, கணினி வழியாக இணையத்தில் விடுகின்றனர். ‘பிராட்காஸ்டிஃபை’ என்னும் தளத்தில் இத்தகைய நேரலைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இதற்கு இவர்கள் ஊதியம் பெறுவதில்லை. குரல் தெளிவாக வரவேண்டுமே என்று ஏரியலை இரண்டடி உயர்த்துவதும், கேபிளை மாற்றுவதும், விளக்கை அணைத்துப் பார்ப்பதுமாக இவர்கள் படும் பாட்டைக் காண்போர் இதனை வெறும் பொழுதுபோக்கு என்றே எண்ணுவர். இதன் வேரைத் தேடிச் சென்றால் 1852ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்து மாதாகோவில் மணிகளிடம் போய்ச் சேர்கிறோம்.

மணி சொன்ன எண்

வில்லியம் சானிங் என்பவர் பாஸ்டன் நகர மருத்துவர். மோர்ஸின் தந்தி வழக்கிற்கு வந்த மறு ஆண்டே, 1845இல், தந்தியைத் தீயறிவிப்புக்குப் பயன்படுத்தலாம் என அந்நகரச் செய்தித்தாள் ஒன்றில் எழுதினார். கருவி செய்வதில் வல்லவரான மோசஸ் ஃபார்மர் அவருக்குத் துணையானார். 1852 ஏப்ரல் 28ஆம் நாள் அவர்களுடைய முறை பாஸ்டனில் தொடங்கிற்று; உலகில் முதலாவதாக அமைந்த தீத் தந்தி முறை அதுவே என்பர்.

அதன் அமைப்பு எளிது. தெருமுனைகளில் இரும்புப் பெட்டிகள் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் கைப்பிடியைச் சுழற்றினால், அப்பெட்டிக்குரிய எண் தந்திக் கம்பி வழியே மைய நிலையத்தை அடையும். மைய நிலையத்தார் அங்கிருந்தே மின்சாரத்தால் நகரத்து மணிகளை அடிப்பர். தீ எப்பகுதியில் என்பதை மணியோசையின் எண்ணிக்கை சொல்லும். படைவீரனும் அதைக் கேட்டான். பாதையோரம் பழம் விற்றவளும் கேட்டாள். எண்ணத் தெரிந்தவர் அனைவர்க்கும் அது பொதுச் செய்தியாயிற்று.

இங்கே ஒரு சிறு குறையைக் குறிப்பிடுதல் வேண்டும். தீயைக் கண்ட பதற்றத்தில் ஒருவர் கைப்பிடியை மிக விரைந்து சுழற்றிவிட்டால், மைய நிலையத்தில் எண் குழம்பிப்போகும். செய்தி வரும், ஆனால் விளங்காது. பின்வந்த பெட்டிகளில் கடிகாரத்தில் உள்ளது போன்ற சுருள்வில் பொறியை வைத்து, இழுப்பவர் எப்படி இழுத்தாலும் எண் ஒரே சீராகச் செல்லுமாறு திருத்தினர். செய்தி வந்து சேர்வது வேறு, தெளிவாக வந்து சேர்வது வேறு என்பதைத் தீயணைப்புலகம் அப்போதே கற்றுக்கொண்டது. நாம் ‘ரிசப்ஷன்’ என்று சொல்லும் சிக்கல் வானொலிக்கு முற்பட்டது.

இம்முறையின் உரிமையை ஜான் கேம்வெல் என்பார் விலைக்கு வாங்கிப் பல நகரங்களிற் பரப்பினார். கேம்வெல் பெட்டி என்ற பெயரே நிலைத்தது. 1872 நவம்பர் 9ஆம் நாள் இரவு பாஸ்டனில் எழுந்த பெருந்தீ 65 ஏக்கர் பரப்பில் 776 கட்டடங்களை அழித்தது. பொய்யறிவிப்பைத் தடுக்கும் பொருட்டு அந்நாளில் தெருப்பெட்டிகளைப் பூட்டி வைத்திருந்தனர். தீயைக் கண்டவர் திறவுகோல் உடையவரைத் தேட வேண்டியிருந்தது. அன்றிரவு அடிக்கப்பட்ட முதற்பெட்டியின் எண் 52. தீயணைப்புப் பணியில் ஆர்வங்கொண்ட பொதுமக்கள் பின்னாளில் பாஸ்டனில் அமைத்த சங்கத்துக்கு அந்த எண்ணையே பெயராக வைத்துக்கொண்டனர்.

அத்தகைய ஆர்வலரைப் பாஸ்டனில் ‘ஸ்பார்க்’, அதாவது தீப்பொறி, என்றழைப்பர். பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவை 1930 முதல் 1979இல் மறையும் வரை நடத்திய ஆர்தர் ஃபீட்லர் இவர்களுள் புகழ் பெற்றவர். இரவென்றும் பகலென்றும் பாராமல் பெரிய தீ எங்கு எழுந்தாலும் தம் வண்டியில் விரைந்து செல்வார். பாஸ்டன் தீயணைப்புத் துறை அவருக்குக் கௌரவக் கேப்டன் பதவி அளித்தது. இசையறிந்த செவி மணியின் எண்ணிக்கையிலும் இன்பங் கண்டது போலும்!

கம்பியிலிருந்து காற்றுக்கு

மணியோசை மெல்ல மெல்லத் தெருவை விட்டு நிலையத்துக்குள் சென்றது. தொலைபேசி வந்தபின் ஊரார் செய்தி சொல்பவர் ஆயினர், கேட்பவர் அல்லர். ஊர்ச் செவியை மறுபடி திறந்துவிட்டது வானொலி. அதுவும் எண்ணிச் செய்ததன்று.

டெட்ராயிட் நகரக் காவல்துறை 1920களில் வானொலியைச் சோதித்துப் பார்த்தது. அவர்களுக்குக் கிடைத்த உரிமம் பொது ஒலிபரப்பு நிலையத்துக்குரியது. ஆதலால் காவற் செய்திகளுக்கிடையே இசையும் ஒலிபரப்ப நேர்ந்தது. திருடனைப் பிடிக்கும் ஆணைக்கு முன்னும் பின்னும் பாட்டு! 1928 ஏப்ரலில் அங்கே ஒழுங்கான காவல் வானொலி தொடங்கிற்று. அது ஒருவழிப் பாதை. நிலையம் பேசும், வண்டி கேட்கும், கேட்டதா இல்லையா என்பதை அறிய வழியில்லை. 1933இல் நியூ ஜெர்சி மாநிலத்துப் பேயோன் நகரில் வண்டியிலிருந்தும் பேசும் இருவழி முறை வந்தது.

அக்காலத்து அலைவரிசைகள் பொது ஒலிபரப்பு முடியும் இடத்துக்குச் சற்று மேலே, 1.7 மெகாஹெர்ட்ஸ் போன்ற இடங்களில் அமைந்திருந்தன. ஆகவே வீட்டு வானொலிப் பெட்டியின் முள்ளைச் சற்றே கூடுதலாகத் திருப்பினால் ஊர்க்காவலின் குரல் கூடத்தில் ஒலித்தது. 1930களில் விற்ற பெட்டிகள் பலவற்றின் முகப்பில் ‘போலீஸ்’ என்றே அச்சிட்டிருந்தனர். வேலிக்கு வெளியே கம்பி கட்டித் தொலைநாட்டு நிலையங்களைப் பிடித்த காலம் நம்மில் மூத்தோர் நினைவில் இருக்கும். அவர்களுக்கு இந்த மகிழ்ச்சியை விளக்கத் தேவையில்லை.

1940இல் கனெக்டிகட் மாநிலக் காவல்துறை பண்பலை என நாம் வழங்கும் எப்.எம். முறையில் இருவழி வானொலியை அமைத்தது. இரைச்சல் மிகக் குறைந்தது. பிறரும் அம்முறையையே மேற்கொண்டனர். போருக்குப் பின் தீயணைப்புப் படைகள் 150 மெகாஹெர்ட்ஸ் அருகிலும், பின்னர் 450க்கு மேலும் குடியேறின. படைக்கு நன்மை, ஊராருக்கு இழப்பு. வீட்டுப் பெட்டியின் முள் அவ்வளவு தொலைவு செல்லாது. இந்த இழப்பை ஈடு செய்யவே ஸ்கேனர் தோன்றிற்று. 1960களின் இறுதியில் வந்தவற்றுள் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தைத் தனியே விலைகொடுத்து வாங்கிச் செருக வேண்டும். வரிசையாகச் சிறுவிளக்குகள் ஓடும். எங்கே குரல் கேட்கிறதோ அங்கே விளக்கு நிற்கும். 1970களின் நடுவில் படிகம் இன்றியே எண்களை அழுத்தி அலைவரிசையைத் தரும் பெட்டிகள் வந்தன.

இதன் சட்ட நிலையை ஒரு சொல்லிற் கூறிச் செல்லலாம். பொதுமக்கள் எளிதிற் கேட்கத்தக்க காவல், தீயணைப்பு வானொலிகளைக் கேட்பது குற்றமன்று என 1986இல் அமெரிக்க நடுவண் சட்டம் தெளிவாக்கிற்று. பிரிட்டனில் நிலை வேறு. தமக்கென அனுப்பப்படாத வானொலிச் செய்தியைக் கேட்பதே அங்குக் குற்றம். ஆகவே இங்குள்ள அன்பர் எவரேனும் இதில் இறங்க விரும்பினால் ஏரியலை வாங்குமுன் சட்டத்தைக் கேட்டறிவது நலம்.

கேட்காமற்போன குரல்

தெளிவு என்பது பொழுதுபோக்காளர் கவலை மட்டுமன்று. 2001 செப்டம்பர் 11ஆம் நாளை நினைக்க வேண்டும். நியூயார்க் உலக வணிக மையத்தில் 1993இல் குண்டு வெடித்தபோதே, அவ்வுயர்ந்த மாடிகளில் தீயணைப்போரின் கைவானொலி எடுபடவில்லை என்பது தெரிந்துவிட்டது. அதனால் குரலை வாங்கி வலுவாக்கி மீண்டும் விடும் ரிப்பீட்டர் ஒன்றை அங்கே பொருத்தினர். 2001இல் தாக்குதல் நிகழ்ந்த காலை, வடகோபுரத்தின் கீழ்த்தளத்தில் அதிகாரிகள் அதனைச் சோதித்தனர். அதனை இயக்க இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று அழுத்தப்பட்டிருந்தது, மற்றொன்று அழுத்தப்படவில்லை. ரிப்பீட்டர் வேலை செய்கிறது. ஆனால் சோதித்த கைக்கருவியில் குரல் வரவில்லை. பழுதென்றே எண்ணி வேறு வழிகளைக் கையாண்டனர். தென்கோபுரத்தில் அதே ரிப்பீட்டரைப் பயன்படுத்தியவர்களோ 78ஆம் மாடி வரை ஏறிச்சென்று பேசினர். 9 மணி 59 நிமிடத்தில் தென்கோபுரம் சரிந்தது. வடகோபுரத்தை விட்டு வெளியேறுமாறு இட்ட ஆணை சிலர் செவியில் விழுந்தது. சிலர் செவியில் விழவில்லை. அன்று இறந்த நியூயார்க் தீயணைப்போர் 343 பேர். இறப்புக்குக் காரணம் வானொலி ஒன்றே எனச் சொல்வது பிழை. ஆயினும் விசாரணைக் குழுவின் அறிக்கை அப்பொத்தானைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதாயிற்று.

மற்றொரு நிகழ்ச்சி 2018 நவம்பர் 8ஆம் நாளுக்குரியது. கலிபோர்னியாவின் பாரடைஸ் என்னும் மலையூரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 85 உயிர்கள் மாண்டன. வெளியேறுமாறு விடுத்த எச்சரிக்கை பலருடைய தொலைபேசிக்கு வந்து சேரவேயில்லை. தீயணைப்போர் தம்முள் பேசிக்கொள்ளும் வானொலியில் தீ எந்த முகட்டைத் தாண்டியது என்பது உடனுக்குடன் சொல்லப்படும். மலைநாட்டில் அந்தக் குரலை ஒருவர் பிடித்து ஊருக்குத் தருவாரானால் அதன் மதிப்பைக் காசால் அளக்க இயலாது.

ஏரியலின் இலக்கணம்

இனி, குரலைத் தெளிவாகப் பிடிப்பது எங்ஙனம் என்பதைப் பார்ப்போம். புதியவர் செய்யும் முதற்பிழை, பெட்டியை மாற்றுவது. விலையுயர்ந்த ஸ்கேனரை வாங்கிச் சன்னலோரம் வைத்துவிட்டு, சரியாகக் கேட்கவில்லையே என்று வருந்துவார். பழகியவர் முதலில் பெட்டியைத் தொடமாட்டார், கம்பியைத்தான் பார்ப்பார்.

இவ்வலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டிற் செல்வன. பூமியின் வளைவு அவற்றை மறைக்கும். ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், வானொலியின் தொடுவானம் ஏறத்தாழ எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 4 மீட்டர் உயரத்துக்கு 8 கிலோமீட்டர்; 9 மீட்டருக்கு 12; நிலையத்தின் கோபுரம் 100 மீட்டராயின் அதன் பங்கு 41. இரண்டையுங் கூட்டியதே எட்டும் தொலைவு. வீட்டுக்கூரைக்கு மேலே செல்லும் ஒவ்வொரு மீட்டரும் எந்தக் கருவியும் தராத பயனைத் தரும். இடையே குன்றிருந்தால் இக்கணக்குத் தவறும். அதனாலேயே மலைநாடுகளில் ரிப்பீட்டர்களை முகடுகளின் மேல் வைக்கின்றனர்.

அடுத்தது கம்பியின் நீளமும் நிலையும். ஓர் அலையின் நீளத்தை அறிய 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுக்க வேண்டும். நியூயார்க் தீயணைப்புத் துறை நெடுங்காலம் கையாண்டு வந்த 154 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறத்தாழ 195 சென்டிமீட்டர். அதன் காற்பங்கு 49. பாஸ்டன் படைக்குரிய 483க்கு அலைநீளம் 62, காற்பங்கு 15½. பெட்டியோடு வரும் குட்டை ரப்பர்க் கம்பி எல்லா அலைவரிசைக்கும் பொது என்பர். எதற்கும் உரியதன்று என்பதே அதன் பொருள். நேரலை விடுவோர் கேட்பது பெரும்பாலும் ஒரே அலைவரிசையை. அதற்கென அளந்து வெட்டிய கம்பியே போதும். கம்பியைச் செங்குத்தாக நிறுத்துதல் வேண்டும். தீயணைப்பு வண்டியின் கம்பி நிமிர்ந்தே நிற்கும். அலையும் அவ்வாறே நிமிர்ந்து வரும். பழைய தொலைக்காட்சி ஏரியல் கிடையாக இருப்பது. அதனை அப்படியே பயன்படுத்தினால் வரவேண்டியதில் நூற்றில் ஒரு பங்குகூட வாராமற்போகலாம்.

கேபிளின் இழப்பைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆர்ஜி-58 என்னும் மெல்லிய கோஆக்சியல் கேபிள் 30 மீட்டர் ஓடினால், 450 மெகாஹெர்ட்ஸ் அளவில், மேலே பிடித்த ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே கீழே வரும். தொலைக்காட்சிக்குப் பயன்படும் ஆர்ஜி-6 மூன்றிலொரு பங்கு தரும். எல்எம்ஆர்-400 என்னும் தடித்த கேபிள் பாதிக்கு மேல் தரும். உயரத்தால் ஈட்டியதைக் கேபிளில் இழப்பவர் பலர். சிலர் இழப்பை ஈடுசெய்யப் பெட்டியருகே ஆம்பிளிஃபையர் வைப்பர். கேபிளில் இழந்த குரலை எந்தப் பெருக்கியும் மீட்டுத்தராது. உடன்வந்த இரைச்சலையும் சேர்த்தே அது பெருக்கும். வைப்பதானால் மேலே, ஏரியலின் காலடியில் வைக்க வேண்டும். அதுவும் நகரத்தில் ஆபத்தானது. அருகிலுள்ள பண்பலை நிலையத்தின் வலிய அலை புகுந்து பெட்டியைத் திணறடிக்கும். அந்நிலையில் வேண்டுவது பெருக்கியன்று, வடிகட்டி.

இரைச்சல் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. மலிவான எல்.இ.டி. விளக்குகள், தொலைபேசிக்கு மின்னேற்றும் சிறு கருவிகள், நேரலை விடும் அக்கணினியே கூட, அலைகளைக் கசியவிடும். ஒரு பேட்டரியில் ஸ்கேனரை இயக்கிக்கொண்டு வீட்டின் மின்சாரத்தை ஒவ்வோர் அறையாக நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். இரைச்சல் அடங்கியபின் ‘ஸ்குவெல்ச்’ என்னும் குமிழைச் சரிசெய்ய வேண்டும். குரலில்லாத வேளையில் வாயை மூடிவைப்பது அதன் தொழில். மிக இறுக்கினால் தொலைவிலிருந்து பேசும் வீரனின் மெல்லிய குரலையும் சேர்த்து மூடிவிடும்.

இணையத்தில் விடுவது இவற்றுள் எளிய பகுதி. பேச்சுக்கு நொடிக்கு 16 கிலோபிட் போதும். ஒரு நாள் முழுதும் விட்டாலும் 173 மெகாபைட்டே ஆகும். ஸ்கேனருக்கும் கணினிக்கும் இடையே ‘ம்ம்’ என்ற மின்முனகல் கேட்டால், இரண்டையும் நேரே இணையாமல் சிறு தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இணைக்க அது மறையும். பத்து அலைவரிசைகளை ஒரே பெட்டியில் துழாவி விடுவோரைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் இல்லை. ஒன்றைக் கேட்கும்போது ஒன்பதை இழக்கிறோம். முதல் அறிவிப்பின் தெருப்பெயர் அவ்விழப்பிற் போய்விடுகிறது. ஒரு நேரலைக்கு ஒரு கட்டளை அலைவரிசை என்பதே செம்மையான முறை.

தாழ்த்தக் கேட்டது

மேலே சொன்னவை யாவும் பழைய, நேரிய எப்.எம். முறைக்குரியவை. தீயணைப்புப் படைகள் தம் வானொலியைத் திருத்தியபோதெல்லாம் வெளியே நின்று கேட்போர்க்குப் புதிய பாடம் வந்தது. 2013 சனவரி 1ஆம் நாள் முதல் பல அலைவரிசைகளின் அகலத்தை 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12½ ஆகக் குறைக்க அமெரிக்க அரசு ஆணையிட்டிருந்தது. பழைய ஸ்கேனர்களில் குரல் பாதியாகத் தணிந்தது. ஏரியலில் பழுதென்று எண்ணி மாடியேறினவர் பலர். பழுது ஏரியலில் இல்லை.

பெரிய மாற்றம் டிரங்கிங் முறையால் வந்தது. அதில் எந்தப் படைக்கும் நிலையான அலைவரிசை இல்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு கணினி புதிதாக அலைவரிசை ஒதுக்கும். அதனைப் பின்தொடரும் ஸ்கேனர் 1997இல் வந்தது. பின்னர்க் குரல் எண்களாக மாற்றிச் செலுத்தப்பட்டது. பி25 என்பது அதன் பெயர். 2012இல் தொலைக்காட்சி பார்க்க விற்கப்பட்ட மலிவான சிறு யு.எஸ்.பி. கருவி ஒன்றைக் கணினியோடு இணைத்து பல அலைவரிசைகளைக் கேட்கலாம் என்று ஆர்வலர் கண்டறிந்தனர். அதன்பின் ஏழை மாணவனும் இதிற் புக முடிந்தது.

பி25 முறையில் ஒரு விந்தை உண்டு. நகர் முழுதும் எட்டும்பொருட்டுப் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே சொல்லை ஒரே கணத்தில் விடும். இதற்கு ‘சைமல்காஸ்ட்’ என்று பெயர். இரண்டு கோபுரங்கள் நம் ஏரியலிலிருந்து வெவ்வேறு தொலைவில் இருந்தால் என்னாகும்? அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் செல்லும். ஒன்று 15 கிலோமீட்டர் கூடுதல் தொலைவில் இருப்பின் அதன் சொல் 50 மைக்ரோநொடி பிந்தி வரும். பி25 நொடிக்கு 4,800 குறிகளை அனுப்புகிறது. ஒரு குறிக்கு ஏறத்தாழ 208 மைக்ரோநொடி. ஆக, பிந்தியது கால்குறி. முந்திய குறியும் பிந்திய குறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். வீரர்களின் கருவி இதற்கெனவே அமைந்தது. பொதுமக்கள் ஸ்கேனர் அவ்வாறன்று. அலைவலிமை காட்டும் கோடுகள் முழுமையாக நிற்கும்; குரலோ துண்டு துண்டாகச் சிதறும். 1852இல் கைப்பிடியை விரைந்து சுழற்றியபோது நேர்ந்ததும் இதுவே: செய்தி வந்தது, விளங்கவில்லை.

இதற்கு மருந்து நாம் இதுகாறும் கூறியதற்கு நேர்மாறானது. ஏரியலைத் தாழ்த்த வேண்டும். அல்லது ‘யாகி’ என்னும் ஒருதிசை ஏரியலை ஒரே கோபுரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். வீட்டின் சுவரையே மறைப்பாக்கி மற்றக் கோபுரங்களை ஒதுக்குவோரும் உளர். நிறையக் கேட்பதன்று, ஒன்றைமட்டும் கேட்பதே இங்கே குறிக்கோள். கூரைமேல் வைத்துக் கேளாத குரல், கீழறையின் மூலையிற் குட்டைக் கம்பியில் தெளிவாகக் கேட்டதெனின் புதியவர் நம்பமாட்டார். இக்குழப்பத்தைத் தாமே தீர்க்கும் ஸ்கேனர் 2018இல் தான் கடைக்கு வந்தது.

இவ்வளவு பாடுபட்டும் ஒரு கதவை எந்த ஏரியலும் திறக்காது. அது குரலையே பூட்டிவிடும் மறைகுறியீடு. காவல்துறைகள் இதனை விரைந்து மேற்கொள்கின்றன. நியூயார்க் காவல்துறை 2023இல் தொடங்கிற்று. அவர்கள் கூறும் காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 2013 ஏப்ரலில் பாஸ்டன் நெடுவோட்டக் குண்டுவெடிப்புக்குப் பின் குற்றவாளியைத் தேடிய நாளில் காவலர் எந்த வீட்டைச் சூழ்ந்துள்ளனர் என்பதை ஸ்கேனரிற் கேட்டவர்கள் இணையத்தில் எழுதினர்; காவல்துறை அதனை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டது. தீயணைப்பு வானொலியிலும் நோயாளிகளின் வீட்டு எண் சொல்லப்படுவது உண்டு. ஆம்புலன்ஸ் அழைப்புகளை நேரலையில் விடாதிருப்பதே மானமுள்ளவர் செயல் என்பது என் கருத்து. ஆயினும் தீக்கு ஒட்டுக்கேட்கும் செவி இல்லை. ஆணையை மறைத்து அதனை ஏமாற்றவேண்டிய தேவையும் இல்லை. கள்வனைத் தேடும் குரலுக்குப் போட்ட பூட்டைத் தீயணைக்கும் குரலுக்கும் போடுவது ஏன் என்று அந்நாட்டு ஆர்வலர் கேட்பது நியாயமே.

பாஸ்டன் நகரம் தன் தெருப்பெட்டிகளை இன்னும் கைவிடவில்லை. பெட்டி எண்ணால் இடத்தைக் குறிக்கும் வழக்கும் அங்கே நிலைத்துள்ளது. வானொலியில் அறிவிப்போர் இன்ன எண் பெட்டி என்றே தொடங்குவர். 2024 சூன் 18ஆம் நாள் பிற்பகல் மாசசூசெட்ஸ் மாநிலம் முழுவதும் 911 என்னும் அவசரத் தொலைபேசி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் செயலற்றுப் போயிற்று. உதவி வேண்டுவோர் தெருமுனைக்குச் சென்று சிவப்புப் பெட்டியின் பிடியை இழுக்குமாறு பாஸ்டன் நகரத்தார் அறிவித்தனர். தொலைபேசி முடங்கியதன் காரணத்தைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், அயல் ஊடுருவலைத் தடுக்க வைத்த ‘ஃபயர்வால்’, அதாவது தீத்தடுப்புச் சுவர், அழைப்புகளைத் தடுத்துவிட்டது என்று கண்டனர்.